வாகைக்குளத்திலிருந்து இனி எந்த ஊருக்கு?

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் விமானியும் இல்லை, என்ஜினியரும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடை போட்டு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற ஆள். அதனால் நான் பேசுவதெல்லாம் சீட்டுக் கணக்காகத்தான் இருக்கும். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், புதுக் கட்டடம் எவ்வளவு அழகு, கண்ணாடி எவ்வளவு பளபளப்பு என்று வர்ணிக்க எனக்கு வராது. போய்ப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இருந்தாலும் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 2025 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் 17,340 சதுர மீட்டர். செலவு சுமார் 450 கோடி ரூபாய். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்கிறார்கள். ஆனால் விமானக் கம்பெனிக்காரன் கட்டடத்தைப் பார்த்து வரமாட்டான். அவன் முதலில் பார்ப்பது ஓடுபாதையை. அதுதான் இங்கே பெரிய விஷயம். 1992இல் திறந்தபோது வாகைக்குளத்தில் இருந்த ஓடுபாதை 1,351 மீட்டர். இப்போது 3,115 மீட்டர். மதுரையில் இருப்பது 2,300 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கோயம்புத்தூரில் 3,000க்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் பயணிகள் விமானம் வந்துபோகிற நிலையங்களில் சென்னைக்கு அடுத்த நீளம் நம்முடையதுதான். இதை நம் ஊர்க்காரர்களே பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற நம் ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான் வீசும். விமானத்துக்கு எதிர்க்காற்று தோது, பக்கவாட்டுக் காற்றுதான் தொந்தரவு. கயத்தாற்றில் காற்றாடி சுற்றவைக்கிற காற்று, வாகைக்குளத்தில் விமானம் இறங்கவும் ஒத்தாசை செய்கிறது.

சரி, பாதை நீண்டாச்சு. விமானம்? இத்தனை வருஷமும் நாம் ஏறிப் போனது ஏடிஆர். இரண்டு பக்கமும் விசிறி சுற்றுமே, அந்த விமானம். 78 பேர் ஏறலாம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆகாய வழியில் 500 சொச்சம் கிலோமீட்டர்தான் என்பதால் அது தாராளமாகப் போதும். மும்பை 1,280 கிலோமீட்டர். ஏடிஆரில் போனால் மூன்று மணி நேரம் காலை மடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். டெல்லி 2,200 கிலோமீட்டர், அதற்கு இந்த விமானம் எட்டவே எட்டாது. 180 பேருக்கு மேல் ஏற்றுகிற ஜெட் விமானம் இறங்க இடம் இல்லாததால்தான் இதுவரை நமக்கு இரண்டே ஊர் வாய்த்தது.

இப்போது இடம் வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: 'சென்னைக்கு ஏர்பஸ் ஜெட் விடுங்கள்.' நான் இதற்கு எதிர்க்கட்சி. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், இதுதான் இன்றைக்கு நான் பேச வந்ததே.

ஏடிஆர் ஒரு நாளைக்கு ஐந்து நடை வந்தால் 390 சீட்டு. ஏர்பஸ் இரண்டே நடை வந்தால் 372 சீட்டு. மினி பஸ் முதலாளி ராத்திரி வசூலை எண்ணுவது போலத்தான் விமானக் கம்பெனியும் எண்ணும். சீட்டு எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, இரண்டு நடை போதும் என்று முடித்துவிடுவான். அப்போது நமக்கு என்ன ஆகும்? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மத்தியானம் ஆஸ்பத்திரியில் பார்த்து முடித்தவர், விசா நேர்காணல் முடித்த பையன், தலைமைச் செயலகத்தில் ஃபைலை நகர்த்திவிட்டு வருகிறவர், எல்லோரும் மீனம்பாக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஐந்து தடவை வருகிற சின்ன விமானம் இரண்டு தடவை வருகிற பெரிய விமானத்தைவிட நமக்கு உபயோகம்.

கம்பெனிக்கும் சின்ன விமானத்தில் ஓர் ஆதாயம் இருக்கிறது. 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. எரிபொருளிலும் அப்படித்தான். விசிறி விமானத்துக்குப் போடுகிற எரிபொருளுக்கு 5 சதவீதத்துக்கு மேல் மாநிலம் வரி போட முடியாது என்று மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. ஏர்பஸ் மாதிரிப் பெரிய ஜெட் விமானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு 29 சதவீதம் வாட் வரி. விமானம் ஓட்டுகிற செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எரிபொருள்தான் என்னும்போது இது சின்ன வித்தியாசமா? ஜெட் வேண்டும் என்று மனு கொடுப்பவர்கள் எரிபொருள் வரியைக் குறையுங்கள் என்று அதே மனுவில் இரண்டாவது பத்தி எழுத வேண்டும். யாரும் எழுதுவதில்லை.

ஆக, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏடிஆரே இருக்கட்டும். ஜெட்டை ஏடிஆர் போக முடியாத ஊருக்குக் கேட்போம். எந்த ஊர்? என்னைக் கேட்டால் முதலில் மும்பை.

தாராவியில் போய் நின்று திருநெல்வேலிப் பேச்சுப் பேசினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிற குடும்பங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வருகிறார்கள். எதற்கு வருகிறார்கள்? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், சித்திரை வைகாசியில் ஊர்க் கொடை, புரட்டாசியில் குலசை தசரா, ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். அந்த நாட்களில் என்னிடம் டிக்கெட் கேட்டு வருகிற ஃபோனை எடுத்து மாளாது. சென்னை வழியாக மாறி வர அவர்கள் கொடுக்கிற காசைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

ஆனால் பங்குனி உத்திரத்தை மட்டும் நம்பி எந்தக் கம்பெனியும் தினமும் விமானம் விடாது. உத்திரம் முடிந்த மறுவாரம் சீட்டு காலி. வாரநாட்களில் அதை நிரப்ப ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போதுதான் நம் பக்கம் வந்திருக்கிறார். கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்துகிற நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில். கங்கைகொண்டானில் சோலார் தொழிற்சாலை, தூத்துக்குடியில் வியட்நாம்காரர்களின் மின்சாரக் கார் தொழிற்சாலை, வ.உ.சி. துறைமுகம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம். இவர்களெல்லாம் திங்கள்கிழமை வந்து வெள்ளிக்கிழமை போகிறவர்கள். கம்பெனிக் காசு என்பதால் கடைசி நேரத்தில் முழு விலைக்கு டிக்கெட் போடுவார்கள். கொடைக்கு வருகிறவரும் இவரும் சேர்ந்தால்தான் ஒரு தடம் நிற்கும். மும்பைக்கு அந்தச் சேர்மானம் இருக்கிறது. டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் பாதி இருக்கிறது. அவை பின்னால் வரும்.

விமானம் ராத்திரி இங்கேயே தங்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சென்னையில் தங்குகிற விமானம் காலையில் கிளம்பி இங்கே வந்து, நம்மை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பாதிக் காலை போய்விடும். இங்கே தங்குகிற விமானம் ஆறு மணிக்கே கிளம்பலாம். பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்கலாம். புதிய நிலையத்தில் ஐந்து ஏர்பஸ் நிறுத்துகிற அளவுக்கு இடம் போட்டிருக்கிறார்கள். ராத்திரி அது காலியாகக் கிடக்க வேண்டுமா?

அடுத்தது வளைகுடா. எதிரில் மேலப்பாளையம், காயல்பட்டினம், கடையநல்லூர் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேலப்பாளையத்தில் ஒரு பையன் துபாய் கிளம்புகிற வீட்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் ராத்திரியே அட்டைப் பெட்டி கட்டி, கயிறு சுற்றி, பேரும் நம்பரும் மார்க்கரில் எழுதியாகிவிடும். கொக்கித் தராசில் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். முப்பது கிலோவுக்கு மேல் முள் போனால் கருப்பட்டியை எடுப்பதா அல்வாவை எடுப்பதா என்று உம்மாவுக்கும் மகனுக்கும் பஞ்சாயத்து. அப்புறம் வேன் நிறைய ஆட்கள் ஏறி, வள்ளியூர், நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரம். வழியனுப்ப ஒரு வேன், அழைத்து வர ஒரு வேன். கடையநல்லூர்க்காரர்கள் ஆரியங்காவு வழியாக மலை ஏறி இறங்குவார்கள்.

'ஏன், வாகைக்குளத்தில் ஏறிச் சென்னையில் மாறினால் என்ன?' என்று கேட்கலாம். மாறலாம். ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான். மீதிக்குக் காசு கட்ட வேண்டும். சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில் ஒரே டிக்கெட்டாக, துபாய் வரை போட்டால் முப்பது கிலோவும் இங்கிருந்தே போகும். டிக்கெட் போடும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். விலை ஐந்நூறு ஆயிரம் கூட இருந்தாலும் வேன் வாடகையைக் கழித்துப் பாருங்கள். இப்படி நாம் வாகைக்குளம் வழியாகப் போகப் போகத்தான், இந்த ஊரிலிருந்து துபாய்க்கு இத்தனை பேர் போகிறார்கள் என்று கம்பெனியின் கணினியில் பதிவாகும். திருவனந்தபுரம் போய் ஏறினால் நீங்கள் அந்தக் கணக்கில் கேரளத்துப் பயணி.

நேரடி துபாய் விமானம் உடனே வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். சுங்கமும் குடியேற்றமும் வர வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் இரு நாட்டு ஒப்பந்தத்தில் பெயர் உள்ள ஊர்களில் மட்டுமே இறங்க முடியும். மதுரைக்காரர்கள் அந்தப் பட்டியலில் இடம் கேட்டு வருஷக்கணக்காகக் குரல் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுத் தடம் என்று ஒன்று கேட்டால் முதலில் கொழும்பைத்தான் கேட்பேன். ஆகாய வழியில் சுமார் 270 கிலோமீட்டர், சென்னைக்குப் போவதில் பாதி. ஏடிஆரே போதும். அங்கிருந்து வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மாறிக்கொள்ளலாம்.

கொழும்பு என்றதும் நம் ஊரில் வ.உ.சி.யைப் பேசாமல் இருக்க முடியுமா? 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கிக் கொழும்புக்கு விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் காசே வேண்டாம் ஏறு, குடையும் தருகிறேன் என்றது. பேச்சாளர்கள் இதைத் தியாகக் கதையாகச் சொல்வார்கள், அது தியாகக் கதைதான். என் தொழில் புத்திக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: போட்டி வந்து விலை இறங்கும்போது நம் ஆள் யார் கப்பலில் ஏறுகிறான் என்பதுதான் தடத்தின் ஆயுள். இந்தக் காலத்திலும் பார்த்தோமே. 2011 ஜூனில் தூத்துக்குடி கொழும்பு கப்பல் மறுபடி தொடங்கியது. கொடியசைத்தார்கள், கைதட்டினோம். ஆள் சேரவில்லை. நவம்பரில் நின்றுபோனது. விமானத்திலும் அப்படித்தான். 2006இல் ஏர் டெக்கான் வந்தது, அது கிங்ஃபிஷரோடு சேர்ந்தது, 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது.

சரக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏடிஆர் வயிற்றில் பயணிகளின் பெட்டி போக மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். ஜெட் வந்தால் டன் கணக்கில் ஏற்றலாம். தூத்துக்குடியின் சிங்கி இறாலும் நண்டும், சங்கரன்கோவில் பூவும் வெளியூர் விமான நிலையம் தேடி ரோட்டில் போவது குறையும். மும்பை விமானம் நிற்பதற்கு அதுவும் ஒரு முட்டுக்கொடுக்கும்.

கடைசியாக நம் வீட்டு வாசல் பிரச்சினை. பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் முப்பது சொச்சம் கிலோமீட்டர். டாக்சியில் போனால் சில நாள் விமான டிக்கெட்டில் பாதி அதற்கே போய்விடும். என்ட் டு என்ட் பஸ் அங்கே நிற்காது. நிற்கிற பஸ்ஸில் போய் மெயின் ரோட்டில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். நடுவில் வல்லநாட்டுப் பாலம். அதில் எப்போது ஓட்டை விழும், எப்போது ஒரு பக்கம் அடைப்பார்கள் என்று சோசியக்காரரைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் சென்னைக்குக் கொண்டுபோய் விடுகிறது, அதுவும் ஜங்ஷன் நடுவிலிருந்து. நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்தால் காலையில் எழும்பூர். வாகைக்குளம் போய்ச் சேருகிற பாடு இப்படியே இருந்தால் பாதிப் பேர் ரயிலோடு நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டார்: 'கயத்தாற்றில் வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, அதைச் சரிபண்ணித் திருநெல்வேலிக்கென்று தனியாக ஒரு விமான நிலையம் கேட்டால் என்ன?'

வேண்டாம் அண்ணாச்சி. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தளம். அதைப் புதிதாகக் கட்டி, பயணிகள் விமானம் வருவதற்குள் என் பேரன் கல்யாணம் முடிந்துவிடும். இருக்கிற ஒன்றின் சீட்டையே நிரப்பாதவர்களுக்கு இரண்டாவது எதற்கு? இப்போதைக்கு, வேய்ந்தான்குளம் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து முதல் விமான நேரத்துக்கு ஒரு பஸ், கடைசி விமானம் வந்ததும் திரும்ப ஒரு பஸ், முனையத்து வாசல் வரை. கலெக்டருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எரிபொருள் வரி பற்றி இரண்டாவது பத்தியும் அதில் இருக்கிறது. வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறோம். காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.