குட்ஷெட் ரோட்டில் ஒரு முற்பகல்

வணக்கம். நான் இப்போது நின்று பேசிக்கொண்டிருக்கும் இந்தத் தெருவின் பெயர் குட்ஷெட் ரோடு. கோயம்புத்தூர் ரயில் நிலையத்தின் பின்வாசல் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. காலையில் இருந்து இங்கே நிற்கிறேன். ஆட்டோக்களும், பெட்டி இழுத்துக்கொண்டு ஓடும் பயணிகளும், அவர்களை இறக்கிவிட வந்த கார்களும்தான் கண்ணில் படுகின்றன. ஒரு பஞ்சுப் பொதியைக்கூடப் பார்க்கவில்லை.

என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இந்தத் தெருவை நம்பித்தான் பிழைத்தார். அவர் ஆலைத் தொழிலாளி அல்லர்; பார வண்டிக்காரர். வேகனில் வந்து இறங்கும் பஞ்சுப் பொதிகளை இரண்டு காங்கேயம் மாடுகள் பூட்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆலை வாசலில் இறக்குவது அவருடைய வேலை. மில் சங்கு ஊதுவதை வைத்து ஊரே நேரம் பார்த்த காலத்தில், அவர் மட்டும் கூட்ஸ் வண்டியின் ஷண்டிங் சத்தத்தை, அதாவது வேகன்களைப் பிரித்துக் கோர்க்கும் சத்தத்தை வைத்துத்தான் எழுந்திருப்பாராம். கோவையின் ரயில் சரக்குக்கும் தொழிலுக்கும் இடையே என்ன நடந்தது என்று நான் தேடத் தொடங்கியதற்கு அவர்தான் காரணம். தேடிப் பார்த்ததில், நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கதை பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. "ஆலைகள் மூடின, அதனால் கூட்ஸ் நின்றது" என்பதுதான் அந்தக் கதை.

முதலில் பாதையைப் பார்ப்போம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போடப்பட்ட ரயில் பாதை 1862-இல் போத்தனூரை எட்டியது. அந்தப் பெரிய பாதை கோயம்புத்தூர் நகரத்துக்குள் வரவே இல்லை. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோதுதான் நகரத்துக்கு நிலையம் கிடைத்தது. அதுவும் நீலகிரிக்குப் போகிறவர்களையும், அங்கிருந்து இறங்கும் காபி, தேயிலையையும் மனத்தில் வைத்துப் போட்ட பாதை. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861-இல் இங்கே வந்து தொடங்கிய தொழிலும் காபிக்கொட்டை பதப்படுத்துவதுதான். 1888-இல்தான் அவர் இந்த ஊரின் முதல் நூற்பாலைக்கு அடித்தளம் போட்டார். பிறகு காளீஸ்வரா, 1910-இல் லட்சுமி, 1922-இல் பீளமேட்டில் ரங்கவிலாஸ் என்று வரிசையாக வந்தன. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் மழைக்குப் பிந்தைய காளான்போல முளைத்தன என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த மின்சாரம் வந்ததால் ரயிலுக்கு ஒரு சரக்கு குறைந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நீராவியால் ஓடும் ஆலைக்குப் பஞ்சோடு எரிபொருளும் வந்தாக வேண்டும். கம்பியில் வரும் மின்சாரத்துக்கு வேகன் எதற்கு?

பஞ்சும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நூற்பு இயந்திரங்களும், திரும்பிப் போகும் நூலும் துணியும் ரயிலில்தான் சென்றன. அன்றைய ரயிலின் பெரிய வசதி, ஒரு வேகன் சரக்கு இருந்தாலே அதைத் தனியாகப் பதிவு செய்யலாம் என்பதாகும். ஒரு வேகன்கூட நிரம்பாத சில்லறைச் சரக்கையும் ஏற்றுக்கொண்டார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் வேகனைக் கழற்றுவார்கள், பூட்டுவார்கள்; யார்டில் பிரித்து, அடுத்த வண்டியில் கோர்த்து அனுப்புவார்கள். மெதுவான முறைதான். வேகன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஆலைக்காரர்கள் தந்தி மேல் தந்தி அடித்த நாட்களும் உண்டு. ஆனாலும் அந்த முறையில் சின்ன வியாபாரிக்கு இடம் இருந்தது.

வார்ப்பாலைகளின் கதை இன்னும் சுவையானது. கோவைக்குப் பக்கத்தில் இரும்புத் தாதும் இல்லை, நிலக்கரியும் இல்லை. அப்படியிருந்தும் மோட்டாரும் பம்பும் ஆலை உதிரிபாகங்களும் செய்யும் பட்டறைகள் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று எங்கு பார்த்தாலும் பெருகின. இங்குள்ளவர்களின் கைத்திறனும் முயற்சியும் காரணம் என்று பெருமையாகச் சொல்லுவோம், அது பொய்யில்லை. அதனுடன் ரயில் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950-களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி இரும்பும் எஃகும் உருக்காலையிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தன. ஜார்க்கண்டும் வங்காளமும் இதனால் தாங்கள் நட்டப்பட்டதாக இன்றும் குறைப்படுகின்றன, அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அவர்கள் இழந்த சலுகையின் ஒரு பகுதி இந்தக் கொங்கு மண்ணில்தான் பம்பாக வார்க்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கை விலக்கப்பட்டபோது, தூரத்துக்கான விலையைப் பட்டறைக்காரரே சுமக்க வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே ரயில்வே தன் போக்கை மாற்றிக்கொண்டுவிட்டது. 1980-களிலிருந்து தனி வேகன்களைப் படிப்படியாகக் கைவிட்டு, முழு ரேக் சரக்கையே விரும்பத் தொடங்கியது. ரேக் என்றால் ஒரே சரக்கை ஓரிடத்தில் ஏற்றி, வழியில் எங்கும் பிரிக்காமல், மற்றோரிடத்தில் மொத்தமாக இறக்கும் முழு வண்டி. நிலக்கரிக்கும் சிமென்ட்டுக்கும் இதைவிடச் சிறந்த முறை கிடையாது. பஞ்சுக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடிய வேகன்களைக் கொண்ட ஒரு ரேக் குறைந்தது 2,500 டன் சுமக்கும். ஒரு பொதிப் பஞ்சு 170 கிலோ. எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 14,700 பொதிகள். நடுத்தர ஆலை ஒன்றுக்குப் பல மாதங்களுக்குப் போதுமான பஞ்சு அது. அவ்வளவையும் ஒரே நாளில் வாங்க முதல் வேண்டும், அடுக்கி வைக்கக் கிடங்கு வேண்டும், குறித்த சில மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க ஆட்கள் வேண்டும், தவறினால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். பஞ்சு விலை வாரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் தொழிலில் எந்த முதலாளி இதற்குத் துணிவார்? லாரிக்காரரோ நூறு பொதி என்றாலும் ஏற்றிக்கொண்டு வந்து, ஆலைக்குள்ளேயே இறக்கிவிட்டுப் போகிறார். என் அப்பாருவின் மாட்டு வண்டிக்கும் அங்கே வேலை இல்லாமல் போனது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஆலைகள் மூடியதால் மட்டும் கூட்ஸ் நிற்கவில்லை. பெரிய ஆலைகள் பல மூடின என்பது உண்மைதான். நலிந்த ஆலைகளை 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய பஞ்சாலைக் கழகம் எடுத்துக்கொண்டது; கோவையில் அந்தக் கழகத்தின் கீழ் இருந்த ஆலைகள் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் நின்றன, அதன் பிறகு பழையபடி ஓடவில்லை. ஆனால் நூற்பு இந்தப் பகுதியைவிட்டுப் போய்விடவில்லை. பல்லடம், அன்னூர், அவிநாசி, உடுமலை என்று சுற்றுவட்டாரத்தில் சிறியதும் பெரியதுமாகச் சிதறிப் பரவியது. சோமனூரில் விசைத்தறிகள், திருப்பூரில் பனியன் கம்பெனிகள், குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறைகள் என்று தொழில் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து பெருகியது. தொழில் சிறுத்துக்கொண்டே பரவிய அதே ஆண்டுகளில் ரயில் ஒரு முறைக்குக் கேட்கும் சரக்கின் அளவு பெருத்துக்கொண்டே போனது. இரண்டும் சந்திக்க முடியாமல் போனது அதனால்தான். சோமனூர், திருப்பூர் இரண்டுமே ரயில் பாதையின் மேல் உள்ள ஊர்கள். தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு தறி ஓடுகிறது, துணியோ லாரி செட்டுக்குப் போகிறது.

லாரியைப் பற்றிப் பேசும்போது நாமக்கல்லைச் சொல்லாமல் விட முடியாது. நாட்டின் பல மாநிலங்களுக்கும் லாரி ஓட்டி, லாரிக்குக் கூடு கட்டி, டேங்கர் விட்டுப் பேர் வாங்கிய அந்த ஊருக்கு ரயில் வந்தது 2013-இல்தான், சேலம்–கரூர் பாதை திறந்தபோது. ரயில் இல்லாததால் லாரி வளர்ந்ததா, லாரி வளர்ந்ததால் ரயில் தாமதமானதா என்று என்னைக் கேட்காதீர்கள், நாமக்கல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியச் சரக்கில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் சுமந்த ரயில், இன்று மூன்றில் ஒரு பங்குகூடச் சுமப்பதில்லை. அந்தச் சரிவைப் பணமாக்கிய ஊர்களுள் நம் கொங்கு ஊர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இங்கிருந்து வடகோவை நோக்கிப் போகும் பாதையோரம் ஒரு பெரிய வணிக வளாகம் இருக்கிறது, புரூக்ஃபீல்ட்ஸ். வாரக் கடைசியில் படம் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அது புரூக் பாண்ட் தேயிலைக் கம்பெனியின் தொழிற்சாலை இருந்த இடம். லட்சுமி மில் வளாகத்தில் 2023 முதல் லூலூ ஹைப்பர்மார்க்கெட் நடக்கிறது. இதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதைவிட ஆள் நடமாட்டத்தோடு இருப்பது நல்லதுதான். ஒரு வருத்தம் மட்டும் உண்டு. பழைய பெயர்ப் பலகையைப் பாதுகாப்பவர்கள், சரக்கு எந்த வழியாக வந்தது என்று ஒரு வரியாவது எழுதி வைத்திருக்கலாம்.

இன்னமும் ரயிலோடு ஒட்டி நிற்கக்கூடியவை எவை என்று பார்த்தால், எடை மிகுந்து விலை குறைந்த சரக்குகள்தான். மதுக்கரையில் 1934-இல் தொடங்கிய சிமென்ட் ஆலையைப் போன்றவற்றைத்தான் முழு ரேக் முறை வாழவைக்கும். பெட்ரோல், டீசல்கூட அப்படிப்பட்ட சரக்குதான் என்று நினைத்திருந்தோம்; 2002 வாக்கில் கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை குழாய் போட்ட பிறகு அதன் பெரும் பகுதி மண்ணுக்கடியில் போய்விட்டது. சேலத்துக்கு அருகில் ஒரு நிலையத்துக்கு மேக்னசைட் சந்திப்பு என்றே பெயர். வெட்டி எடுத்த வெள்ளைக்கல்லின் பெயரை ஒரு ரயில் சந்திப்புக்கு வைத்த காலம் அது. இன்று அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்லை நினைக்கிறார்கள்?

கடைசியாகப் போத்தனூர். 1915-இல் பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம் மட்டுமே உள்ள பாதை, போட்ட நாள் முதல், அகலப் பாதை வேகனிலிருந்து குறுகிய பாதை வேகனுக்குச் சரக்கை ஆட்கள் தூக்கி மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மூட்டையை இரண்டு முறை தூக்க வேண்டுமென்றால் வியாபாரி லாரியைத் தேடாமல் என்ன செய்வார்? அந்தத் தடை நீங்கி முழு அகலப் பாதையாக அது திறந்தது 2017-இல். இப்போது போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி, திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் வரை ஒரே அளவுள்ள தண்டவாளம் இருக்கிறது. திருப்பூர் பனியன் கன்டெய்னர்களோ இன்றும் அதே துறைமுகத்துக்குச் சாலையில்தான் போகின்றன. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது: கம்பெனியிலிருந்து ரயிலடிக்கு ஒரு லாரி, அங்கே ஏற்றுக்கூலி, காத்திருப்பு, துறைமுகத்தில் மறுபடியும் இறக்குக்கூலி என்று கூட்டினால், ஓரிரவில் போய்ச் சேரும் தூரத்துக்கு ரயிலால் மிச்சமாகும் பணம் அங்கேயே கரைந்துவிடுகிறது. சிறு வியாபாரிகளின் கன்டெய்னர்களை ஒன்றுசேர்த்து, வாரத்தில் குறித்த நாட்களில், நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் கிளம்பும் ஒரு வண்டியை யாராவது விட்டால்தான் இந்தக் கணக்கு மாறும் என்பது என் எண்ணம். முதல் சில மாதங்கள் காலி வண்டி ஓட்டும் துணிவு யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சரி, பொள்ளாச்சி வண்டிக்கு நேரமாகிறது. கிணத்துக்கடவு வரை போய், அந்தப் பாதையில் கூட்ஸ் எவ்வளவு ஓடுகிறது என்று நாளை காலை முதல் மாலை வரை உட்கார்ந்து எண்ணப் போகிறேன். எண்ணியதை அடுத்த வீடியோவில் அப்படியே காட்டுகிறேன். டிக்கெட் கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது, கேமராவை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கிறேன்.