ஆயிரத்து எட்டும் எட்டாயிரமும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தருமபுரி மாவட்டத்து ஊர்ப்புறப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், பெரிய எண்களைப் படிப்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கரும்பலகை இல்லாமல் கணக்கைப் பற்றிப் பேசுவது எனக்கு இதுவே முதல் முறை. ஆனாலும், எண்களை எழுதும்போது நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை காதில் தொடங்குபவை என்பதை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். ஆகவே, காதோடு மட்டுமே பேசும் வானொலி இதற்குப் பொருத்தமான இடம் என்றே கருதுகிறேன். கையருகே ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளையிடம் 'ஆயிரத்து எட்டு' என்று சொல்லி எழுதச் சொன்னால், பலர் 10008 என்று எழுதுவார்கள். இதை நாம் கவனக்குறைவு என்று சொல்லித் திட்டிவிடுகிறோம். அது கவனக்குறைவு அன்று. ஆயிரம் என்று கேட்டது, 1000 என்று எழுதியது. எட்டு என்று கேட்டது, பக்கத்தில் 8 என்று எழுதியது. கேட்டதைக் கேட்ட வரிசையில் ஒழுங்காக எழுதிய பிள்ளை அது. அதற்கு இன்னும் தெரியாத செய்தி ஒன்றே ஒன்றுதான்: எண்ணைச் சொல்லும் முறை வேறு, எழுதும் முறை வேறு.

சொல்லும் முறையை முதலில் பார்ப்போம். தமிழில் எண்ணைச் சொல்லும்போது, சிறிய எண் முன்னாலும் பெரிய எண் பின்னாலும் வந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும். 'எட்டாயிரம்' என்பது எட்டு மடங்கு ஆயிரம். பெரிய எண் முன்னால் வந்து சிறிய எண் பின்தொடர்ந்தால் கூட்ட வேண்டும். 'ஆயிரத்து எட்டு' என்பது ஆயிரமும் அதன் மேல் எட்டும். ஆயிரம் என்று சொல் அங்கேயே நின்றுவிடாமல் 'ஆயிரத்து' என்று நீளும்போதே, இன்னும் மீதி வரப்போகிறது என்று மொழி நமக்கு முன்னறிவிப்புத் தந்துவிடுகிறது. நூறு 'நூற்று' என்று ஆவதும், லட்சம் 'லட்சத்து' என்று ஆவதும், கோடி 'கோடியே' என்று ஆவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டால், எண்ணைக் கேட்கும் காதே மாறிவிடுகிறது.

நம் முன்னோர் எண்களை எழுதியதும் ஏறத்தாழச் சொன்னபடியேதான். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. எட்டின் குறியை ஆயிரத்தின் குறிக்கு முன்னால் ௮௲ என்று எழுதினால் எட்டாயிரம். பின்னால் ௲௮ என்று எழுதினால் ஆயிரத்து எட்டு. இதற்கு நம் மண்ணிலேயே அழகான சான்று ஒன்று உண்டு. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்தத் தருமபுரிப் பகுதி வழியாகச் சென்ற அதியமான் பெருவழியில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவல் தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று அந்தக் கல் வழிப்போக்கர்களுக்குச் சொல்கிறது. அந்த 29, ௨௰௯ என்று, அதாவது இரண்டு, பத்து, ஒன்பது என்று மூன்று குறிகளால் பொறிக்கப்பட்டுள்ளது. பத்துக்கு முன்னால் நிற்கும் இரண்டு பெருக்கிக்கொள்கிறது. பின்னால் நிற்கும் ஒன்பது கூட்டிக்கொள்கிறது. எழுத்தறியாதவரும் படித்துக்கொள்ளட்டும் என்று அதே கல்லில் இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து, சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்று. மாட்டுவண்டியும் பொதிமாடும் ஓட்டி வந்தவர் விரலால் தடவிப் பார்த்துத் தொலைவை அறிந்துகொண்டிருப்பார் என்று எண்ணும்போது, அந்தக் கல்லை வெட்டச் சொன்னவர் மீது எனக்குப் பெரும் மதிப்பு ஏற்படுகிறது.

இப்போது அந்தக் குழிகளையே பிடித்துக்கொண்டு இடமதிப்புக்கு வருவோம். காதக்கல்லில் பத்தைக் காட்டக் குழி பெரிதாக வேண்டியிருந்தது. நூறு என்றால் அதைவிடப் பெரிய குழி வேண்டும், ஆயிரம் என்றால் இன்னும் பெரிது. இன்று நாம் எழுதும் முறையில் எல்லாக் குழிகளும் ஒரே அளவு. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் மதிப்பைச் சொல்கிறது. வலக்கோடியில் ஒன்றுகள், அதற்கு இடப்புறம் பத்துகள், பிறகு நூறுகள், பிறகு ஆயிரங்கள் என்று, ஒவ்வோர் இடமும் தன் வலப்பக்கத்து இடத்தைப்போலப் பத்து மடங்கு. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் தேவையில்லை; பத்தே இலக்கங்களைக் கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதிவிடலாம்.

ஆனால் இடத்தை வைத்து மதிப்பைச் சொல்லும் முறைக்கு ஒரு காவலாள் வேண்டும். ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை என்றால், அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைக் காட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அதுதான் சுழி. குவாலியர் கோட்டைக் கோயில் ஒன்றில், கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண்ணின் கடைசி இடத்தில் சிறு வட்டமாக அந்தச் சுழி இருப்பதை இன்றும் காணலாம். ஆயிரத்து எட்டு என்று சொல்லும்போது நூறைப் பற்றியும் பத்தைப் பற்றியும் நம் வாய் ஒன்றும் சொல்வதில்லை. எழுதும்போது அந்த இரண்டு மௌனங்களையும் சுழிகளாக எழுதியாக வேண்டும்: 1008. மதிப்பில்லாத இலக்கம் என்று சுழியைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது விலகினால் மற்ற இலக்கங்கள் எல்லாம் இடம்பெயர்ந்துவிடும்.

இதற்கு நம் இரண்டு மாவட்டங்களின் மக்கள்தொகையே நல்ல பாடம். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843; பதினைந்து லட்சத்து ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று. படிக்கும்போது சுழி காதில் விழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை எழுத மறந்தால் 1,56,843 ஆகிவிடும். பதினைந்து லட்சம் பேர் வாழும் மாவட்டம் ஒன்றரை லட்சம் பேராகச் சுருங்கிவிடும். நம்மிடமிருந்து 2004இல் பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியின் எண்ணிக்கை 18,79,809. வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த எண் இது. இதில் 8 இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் எட்டு லட்சம், மற்றோரிடத்தில் எண்ணூறு. 9 இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் ஒன்பதாயிரம், மற்றோரிடத்தில் வெறும் ஒன்பது. முகம் ஒன்று, இடம் வேறு, மதிப்பு வேறு.

ஒன்பது என்று சொன்னதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எட்டுப் பத்து எண்பது; ஆனால் ஒன்பது பத்து 'தொண்ணூறு' என்று நூறின் பெயரைச் சுமந்து நிற்கிறது. எட்டு நூறு எண்ணூறு; ஆனால் ஒன்பது நூறு 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது. ஆகவே தொள்ளாயிரம் என்று கேட்கும் பிள்ளை 9000 என்று எழுதினால் வியப்பில்லை. அதன் காதில் 'ஆயிரம்' விழுந்திருக்கிறது. நம் பழைய இலக்கணங்களிலேயே இதற்கு விதி உண்டு என்பதால், இதைப் பிள்ளையின் குறையாகப் பார்க்காமல் மொழியின் பழமையான வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கலாம். எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம் என்றும், எட்டாயிரம், ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்றும் வரிசையாகச் சொல்லிப் பழக்கினால் இந்தத் தடுமாற்றம் சில நாள்களில் தீர்ந்துவிடும்.

அடுத்தது காற்புள்ளி. வலக்கோடியிலிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஏன் என்று கேட்பவர் குறைவு. ஆயிரத்துக்குப் பிறகு, நூறு மடங்குக்கு ஒருமுறை நாம் புதுப்பெயர் வைக்கிறோம்: நூறு ஆயிரம் ஒரு லட்சம், நூறு லட்சம் ஒரு கோடி. பெயர் மாறும் இடத்தில் காற்புள்ளி விழுகிறது, அவ்வளவுதான். எனவே காற்புள்ளி வரும் இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனால் எண் தானாகப் படிக்கப்பட்டுவிடும். பன்னாட்டு முறையில் ஆயிரம் மடங்குக்கு ஒருமுறைதான் பெயர் மாறுகிறது: ஆயிரம் ஆயிரம் ஒரு மில்லியன், ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன். அதனால் அவர்கள் மூன்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்ற இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது எளிது.

இந்த இரண்டு முறைகளும் ஒன்றாகக் கலந்து நம் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. காவிரியில் நீர் பெருகும் நாள்களில் நாம் அடிக்கடி கேட்கும் டி.எம்.சி. என்ற அளவு. அதன் விரிவு ஆயிரம் மில்லியன் கன அடி. நம் வழக்கில் நூறு கோடி கன அடி. எழுதினால் 1,00,00,00,000, ஒன்றுக்குப் பின் ஒன்பது சுழிகள். ஒகேனக்கல்லில் நீர்வரத்தை நொடிக்கு இத்தனை கன அடி என்று சொல்கிறார்கள் அல்லவா? ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் கிடைப்பது 99,99,93,600 கன அடி. அதாவது தொண்ணூற்றொன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து அறுநூறு. ஒரு டி.எம்.சி.க்கு 6,400 கன அடிதான் குறைவு. நம்மைக் கடந்து சென்று மேட்டூரில் தேங்கும் நீரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதை முழு எண்ணாக எழுதினால் 93,47,00,00,000, ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு கோடி கன அடி. கோடிக்கு மேல் நாம் புதுப்பெயர் தேடாமல், கோடிகளையே மறுபடியும் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று எண்ணத் தொடங்குகிறோம். பழந்தமிழர் அங்கும் பெயர் வைத்திருந்தார்கள்: ஆம்பல், குவளை, நெய்தல், சங்கம், வெள்ளம். எண்ண முடியாத அளவைக் குளத்துப் பூக்களாகவும் பெருகிவரும் நீராகவும் கண்ட மனம் அது.

புள்ளி வைத்துச் சொல்லும் லட்சக் கணக்கில் ஓர் எச்சரிக்கை தேவை. என் உறவினர் ஒருவர் மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டபோது பேசிய தொகை ஒரு லட்சத்து ஐந்தாயிரம் ரூபாய். பத்திரம் எழுதியவர் அதை 1.5 லட்சம் என்று எழுதிவிட்டார். 1.5 லட்சம் என்றால் 1,50,000. பேசிய தொகை 1.05 லட்சம், அதாவது 1,05,000. இங்கும் விடுபட்டது ஒரு சுழிதான். வேறுபாடு 45,000 ரூபாய். நல்ல வேளையாக அடுத்த வரியில் தொகை எழுத்தாலும் எழுதப்பட்டிருந்ததால் இரு தரப்புக்கும் மனவருத்தம் இல்லாமல் தீர்ந்தது. காசோலையில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்வதும் இந்தப் பட்டறிவால்தான் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் தொகையை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று பாட்டாக ஒப்பிக்க வைப்பதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். நம் வீடுகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு கூடை கொட்டையைக் கொட்டி, பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லுங்கள். பத்துக் கூறு சேர்ந்ததும் ஒரு பையில் போட்டு முடியச் சொல்லுங்கள். இரண்டு பை, நான்கு கூறு, மூன்று கொட்டை என்று கையால் தொட்டுச் சொன்ன பிள்ளைக்கு 243 என்ற எண் வெறும் மூன்று இலக்கமாக ஒருபோதும் தெரியாது. கழித்தலில் 'கடன் வாங்குதல்' என்று சொல்வதையும் நான் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன். வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லையே என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அங்கே நடப்பது சில்லறை மாற்றுவது. ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றுவதுபோல, ஒரு பையை அவிழ்த்துப் பத்துக் கூறாக வைத்துக்கொள்கிறோம். மொத்தத்தில் ஒரு கொட்டைகூடக் குறைவதில்லை.

நிறைவாக, தாளும் எழுதுகோலும் எடுத்து வைத்தவர்களுக்காக ஓர் எண். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை இது. இரண்டு முறை சொல்கிறேன். ஏழு கோடியே இருபத்தொரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது. ஏழு கோடியே, இருபத்தொரு லட்சத்து, நாற்பத்தேழாயிரத்து, முப்பது. எழுதியதைப் பாருங்கள். எட்டு இலக்கங்களும் மூன்று காற்புள்ளிகளும் இருக்க வேண்டும். நூறின் இடத்தில் ஒன்று, ஒன்றின் இடத்தில் ஒன்று என, நான் உச்சரிக்காத இரண்டு சுழிகளும் அங்கே இருக்க வேண்டும். வணக்கம்.