மீனோட மூக்கு

வணக்கம் நேயர்களே. ஆத்துத் தண்ணீல உலோகம் கலந்தா மீனுக்கு என்ன ஆகும்னு பேசச் சொன்னாங்க. இதைப் பத்தி எங்க பேசினாலும் மொதக் கேள்வி, மீன் செத்து மிதக்குமா சார்ங்கறதுதான். மிதந்தா பரவால்லைங்க, நாலு பேர் பாத்து சத்தம் போடுவாங்க. மிதக்காத மீனை நெனச்சாதான் எனக்கு பயம்.

மீன் வாங்கறப்ப செவுளைத் தூக்கி செவப்பா இருக்கான்னு பாப்போம்ல, அந்த செவுள்தான் மொத அடி வாங்கும். காட்மியம், கால்சியம் போற வழியிலயே நைசா பூந்து அதை மறிச்சிடும். செம்பு, ஒடம்புல உப்பு நிக்க விடாது.

செம்பு இன்னொரு வேலையும் பண்ணும், மூக்குல. மீனுக்கு ஏது மூக்குன்னா, கண்ணுக்கு முன்னாடி சின்னதா ஓட்டை இருக்கும் பாருங்க, மூச்சு விட இல்ல, மோப்பத்துக்கு மட்டும். ஒரு மீனுக்கு தோல் கிழிஞ்சா அதுலேர்ந்து ஒரு வாசனை தண்ணீல பரவி மத்த மீனெல்லாம் உஷாராயிடும். 1938ல கார்ல் வான் ஃபிரிஷ் சொன்னது இது, தேனீ ஆட்டத்தைப் புரிஞ்சுகிட்டு நோபல் வாங்கினாரே, அதே மனுஷன்தான்.

அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல, கோஹோ சால்மன் குஞ்சுங்களை மூணு மணி நேரம் செம்புத் தண்ணீல விட்டாங்க, லிட்டருக்கு வெறும் 5லேர்ந்து 20 மைக்ரோகிராம், நம்ம குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் 2000 வரைக்கும் விட்டிருக்கு. அப்புறம் அந்த வாசனையை ஊத்தினா நல்ல குஞ்சு கல்லு மாதிரி அசையாம நிக்குது, செம்பு பட்டது அது பாட்டுக்கு நீஞ்சிட்டே இருக்கு, ட்ரவுட் மீன் வந்து லபக்குனு முழுங்கிடுச்சு. யார் கொன்னதுன்னு கேட்டா ட்ரவுட்னுதானே சொல்லுவோம்?

இந்த செம்பு ஃபேக்டரிலேர்ந்து மட்டும் வரலைங்க, கார் பிரேக் பேட்லேர்ந்தும் வருது. மிதிக்க மிதிக்க தேயற தூள் ரோட்டுல படிஞ்சு, மழை பேஞ்சா நேரா ஓடைக்கு. அதனால அந்த மாநிலத்துல 2010ல சட்டமே போட்டாங்க, 2021லேர்ந்து விக்கிற பேட்ல செம்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு.

போன மோப்பம் திரும்புமான்னா, கொஞ்சமா பட்டிருந்தா நல்ல தண்ணீல தேறிடும். நெறைய பட்டா மோப்ப செல்லே செத்து புதுசா முளைக்கணும், அதுக்கு வாரக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் ட்ரவுட்டு பட்டினி கெடக்காது பாருங்க.