முதலில் வேரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் கண்காட்சி என்றால் முதல் நாளே போய்விடுவேன். மறுநாளும் போவேன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் வழக்கம். பூக்களோடு, பார்க்க வருகிறவர்களையும் கவனிப்பேன். கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லார் கண்ணும் பூவின் மேல்தான். கைபேசியை எடுப்பார்கள், ஒரு படம், உடனே அடுத்த செடி. பூவைப் பார்க்கத்தானே வருகிறோம், அதில் தப்பே கிடையாது. இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு செடிக்காவது, பூவைப் பார்க்கும் முன்னால் வேரைப் பாருங்கள்.

வேர் மண்ணுக்குள் அல்லவா இருக்கும் என்பீர்கள். உலகத்தில் ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேலே மரத்தின் மேல் வாழ்கிறவை. தொற்றுத் தாவரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மரத்தில் இருக்கிறது என்றதும், மரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். கண்காட்சிக்கு வரும் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஆர்க்கிட் மரத்திடம் கேட்பது உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். தண்ணீர் மழையிலும் மூடுபனியிலும் கிடைக்கிறது. சத்து, பட்டை இடுக்கில் சேர்ந்த தூசியிலும் மக்கிய இலையிலும் கிடைக்கிறது.

மழை எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் மரக்கிளையில் தங்காமல் வழிந்து ஓடிவிடும். அந்தச் சில நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் வேரைச் சுற்றி வெலமன் என்று ஓர் உறை இருக்கிறது. உயிரில்லாத செல்களால் ஆனது, பஞ்சு மாதிரி. ஒருமுறை ஒரு ஊழியர், தொங்கிக்கொண்டிருந்த வெள்ளி நிற வேர்களின் மேல் தண்ணீர் தெளித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, “பெயின்ட் அடிச்சீங்களா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. வெள்ளைத் துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதல்லவா, அதேதான். உறைக்குள் காற்று இருக்கும்வரை வெள்ளி நிறம். தண்ணீர் புகுந்ததும் உள்ளே இருக்கும் பச்சை தெரிகிறது. ஆம், வேரிலும் பச்சையம் உண்டு. ஃபுளோரிடாவிலும் கியூபாவிலும் வளரும் பேய் ஆர்க்கிட்டுக்கு இலையே கிடையாது, இலையின் வேலையை வேரே செய்கிறது.

வீட்டில் ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் ஆசையாக வளர்த்த முதல் செடி, தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றியே செத்தது. மரத்தின் மேல் வாழும் ஆர்க்கிட்டின் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம். எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகிவிடும். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வேரைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பூவுக்கு வருவோம். கண்காட்சியில் நட்சத்திரம் மாதிரி விரிந்த ஒரு வெள்ளைப் பூ இருந்தால் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பச்சையாக ஒரு குழல் தொங்கும். ஒரு அடி ஸ்கேல் தெரியும் அல்லவா, ஏறக்குறைய அந்த நீளம். மடகாஸ்கர் ஆர்க்கிட் இது. 1862 ஜனவரியில் இந்தப் பூ சார்லஸ் டார்வினுக்கு வந்து சேர்ந்தது. குழலைத் திறந்து பார்த்தால் தேன் இருந்தது அடியில் ஒன்றரை அங்குலம் மட்டும். இதை எந்தப் பூச்சி குடிக்கும்? பத்து, பதினோரு அங்குல உறிஞ்சுகுழல் உள்ள ஓர் அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்றார் டார்வின். பூச்சி ஆய்வாளர்கள் சிலர் கேலி செய்தார்கள். வானியலாளர்கள் நெப்டியூனைத் தேடிய நம்பிக்கையோடு இந்தப் பூச்சியையும் தேடலாம் என்று 1867இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதினார். டார்வின் 1882இல் இறந்துபோனார். பூச்சி கிடைத்ததாக அறிவியல் உலகம் பதிவுசெய்தது 1903இல். டார்வினுக்குப் பூ வந்து 41 வருடம்! அவர் பூச்சியைப் பார்க்கவே இல்லை நேயர்களே, பூவை மட்டும்தான் பார்த்தார்.

குழல் ஏன் அவ்வளவு நீளம்? குட்டையாக இருந்தால் பூச்சி எட்ட நின்றே குடித்துவிட்டுப் போய்விடும். நீளமாக இருந்தால் முகத்தைப் பூவுக்குள் அழுத்தியாக வேண்டும், அப்போது மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அந்துப்பூச்சி இரவில் வருகிறது, அதனால் பூவும் இரவில்தான் மணக்கும். பகலில் முகர்ந்துவிட்டு மணமே இல்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். இப்படித்தான், கண்காட்சிக்கு வராத யாரோ ஒருவர் ஒவ்வொரு செடிக்கும் பின்னால் இருக்கிறார். வேருக்கு மரமும் மழையும், பூவுக்குப் பூச்சி.

விதைக்கு? பூஞ்சை. ஆர்க்கிட் விதை தூசி அளவுதான். சில இனங்களில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். விதைக்குள் சேமித்த உணவு கிடையாது, இயற்கையில் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1899இல் பிரான்சில் நோயெல் பெர்னார் இதைக் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார். கண்காட்சியில் இத்தனை கலப்பினச் செடிகளைப் பார்க்க முடிகிறதென்றால் அந்த வழி திறந்ததால்தான். இதைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை.

வனிலாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஆர்க்கிட்தான், மெக்சிகோவிலிருந்து போன கொடி. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் அதற்கு உரிய தேனீ இல்லை, அதனால் பூத்தும் காய்க்கவில்லை. 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் மகரந்தத்தைச் சேர்த்துக் காட்டினான். இன்றைக்கும் கையால் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு பூ விரிந்திருப்பது ஒரே நாள். அதனால் நீங்கள் போகும்போது கூடத்தின் ஓரத்தில் வெறும் பச்சைக் கொடியாகத்தான் இருக்கும், யாரும் அதைப் படம் எடுக்க மாட்டார்கள். அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், அதையும் பாருங்கள். வணக்கம்.