ஜெராய் உச்சி தெரியுதா, பார்த்துட்டு இறங்குங்க

[காட்சி: மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங் பக்கத் தோட்டச் சாலை. செம்பனை வரிசைகளுக்கு மேலே ஜெராய் மலை, பாதி மேகத்துக்குள்.]

வணக்கம். பீடோங்கில் வளர்ந்தவர்களுக்கு இந்த மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1,217 மீட்டர் உயரம். சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை துப்பா ஆற்றுக்குக் குளிக்கப் போக நாங்கள் துண்டோடு நிற்போம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி வாசலுக்கு வந்து முதலில் மலையைப் பார்ப்பார். "உச்சி தெரியலடா, இன்னிக்கு ஆத்துல எறங்க வேணாம்." ஏன் பாட்டி? "இங்க வெயிலடிக்குது, மேல மழை பெய்யுது. அந்தத் தண்ணி கீழதானே வரணும்?"

அதற்கு மேல் நாங்கள் அடம் பிடித்ததில்லை. காரணம் புரிந்துவிட்டது.

[காட்சி: ஆற்றோரம் துருப்பிடித்த அறிவிப்புப் பலகை.]

இந்தப் பலகையில் "டிலாராங்", அதாவது "தடை", என்று மட்டும்தான் இருக்கிறது. ஏன் தடை என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

முதலில் கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். மலையில் கொட்டும் மழை, சரிவான ஓடை வழியே ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயிலிருந்து மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு வந்த வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். மலையின் அந்தப் பக்கம், மக்கள் குளிக்கப் போகும் தித்தி ஹாயுன் இருந்த கோலத்தை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை.

[காட்சி: தண்ணீர் மிக அருகில். கூழாங்கல் தெரியும் தெளிவு, மெல்லக் கலங்குகிறது.]

இதை நன்றாகப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுகிறது. காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன. மேலே இரைச்சல் கூடுகிறது. அப்போது செருப்பைத் தேடாதீர்கள், சட்டிப் பானையை எடுக்கத் திரும்பாதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோடு கீழே ஓடினால் தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும்.

அப்புறம் குப்பை. பாறை இடுக்கில் விட்டுவந்த நாசி லெமாக் பொட்டலத்துக்கு ராத்திரி எலி வரும். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி ஈர மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும். உடம்பில் கீறல் இருந்தால் அது வழியே உள்ளே போகும். அந்தக் கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் யாரோ உடைத்துப் போட்ட பாட்டில் துண்டிலிருந்து. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. குளித்துவந்த ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், ஆற்றில் குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குரங்குக்கு கச்சான், அதான் கடலை, கொடுப்பதும் வேண்டாம். கையில் பை வைத்திருக்கும் அடுத்த குழந்தை மேல் அது பாயும்.

சட்டமும் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மணி நேரம் வரை சமூகச் சேவை. கெடாவுக்கும் இது பொருந்தும். ஆனால் காட்டுக்குள் எந்நேரமும் அதிகாரி நிற்க முடியாது.

[காட்சி: கைப்பேசியில் வாட்ஸ்அப், குப்பைப் படங்கள்.]

நாம் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை குப்பைப் படம் போட்டு, "நம்ம ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று எழுதுகிறோம். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லான மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு இதைச் சோதித்துப் பார்த்தது. "பலர் மரத்துண்டை எடுத்துப்போய்விட்டார்கள்" என்ற பலகை வைத்த பாதையில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்ன பாதையில் 2 சதவீதத்துக்கும் குறைவு. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொன்னால், சரி, நாமும் செய்யலாம் என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது.

அதனால் இந்த வாரம் உங்கள் குழுவில் குப்பைப் படத்துக்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

[திரையில் எழுத்து]

"ஞாயிறு காலை எட்டு மணிக்கு துப்பா. கிளம்பும் முன் ஜெராய் உச்சியைப் பாருங்க, மறைஞ்சிருந்தா வேற நாள் போவோம். கண்ணாடி பாட்டில் வேணாம், பிள்ளைங்க வெறுங்காலோட இறங்குவாங்க. ரெண்டு பெரிய குப்பைப் பை நான் கொண்டு வர்றேன், கட்டி நம்ம வண்டியிலயே ஏத்திக்கலாம்."