அரைத்த மா புளிக்கும் இரவு

நேயர்களுக்கு வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக நெடுங்காலம் வேலை செய்தவள் நான். கர்ப்பிணித் தாய்மாரின் கீழ் இமையை மெல்ல இழுத்து, இரத்தம் இருக்கிறதா வெளிறிப் போயிருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் இது.

ஒரு நாள் காலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஆறு மாதக் கர்ப்பிணி. படலை திறக்கும் சத்தம் கேட்டதும் கையில் இருந்த கோப்பையை அடுப்படிக்குள் கொண்டுபோய் மூடி வைத்தாள். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். சிவப்பரிசிப் பழஞ்சோறு. கலங்கிய நீரின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள், மேலே நறுக்கிய வெங்காயம், இதமான புளிப்பு மணம். "இன்றைக்கு வேறொன்றும் இருக்கவில்லை, மிஸ்" என்று தலையைக் குனிந்தாள். இவ்வளவு நல்ல சாப்பாட்டை ஒளிக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு மனம் நொந்தது.

புளித்த உணவை ஆராய்வதற்கே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் கீத் ஸ்டைன்கிராஸ். 1965இல் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இட்லி மாவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அப்பத்துக்குக் கள்ளு விடுகிறோம், பாணுக்கு ஈஸ்ட் போடுகிறார்கள். இட்லி மாவுக்கு ஒன்றுமே விடுவதில்லையே, பிறகு அது எப்படிப் பொங்குகிறது? அவர்கள் கண்ட விடை இதுதான்: லூக்கொனொஸ்டொக் என்ற பக்டீரியா அரிசியோடும் உளுந்தோடும் சேர்ந்தே வருகிறது. ஊறும்போதே பெருகத் தொடங்கி, அரைத்த பிறகு இரவு முழுவதும் புளிப்பையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் உண்டாக்குகிறது. அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழுவழுப்பு. வவுனியாவில் விளைந்த உளுந்தை நீங்கள் ஊறப் போடும்போது, வேலைக்காரரையும் சேர்த்தே சட்டிக்குள் போடுகிறீர்கள். மார்கழிக் குளிரில் மா பொங்காவிட்டால் ஆச்சிமார் சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார்களே, அந்த வேலைக்காரருக்குச் சூடு வேண்டும் என்பதால்தான்.

சரி, பொங்கினால் சத்து எங்கே வருகிறது? தானியத்திலும் பருப்பிலும் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. நாம் சாப்பிட்டாலும் அவை உடலில் சரியாகச் சேராமல் போய்விடுகின்றன. மா புளிக்கும்போது பைட்டேஸ் என்ற நொதியம் வேலை செய்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. அதற்கு இலேசான புளிப்பும் நேரமும் வேண்டும். அவசரத்துக்கு அப்பச்சோடா போட்டு உடனே சுடும் தோசையிலும் துளைகள் வரும், பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிடி தளர்வதற்கு அங்கே இரவு இல்லை. போதாக்குறைக்கு, சோடாவின் காரத்தன்மை விற்றமின் பி1ஐயும் கெடுக்கிறது. தாய்மாரே, இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: சோடாப் பொட்டலத்தைத் தள்ளி வையுங்கள், முதல் நாளே ஊறப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழஞ்சோற்றில் மூன்று மில்லிகிராம் இரும்பு ஒரே இரவில் எழுபதைத் தாண்டுகிறது என்று ஒரு செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். சோற்றிலும் நீரிலும் பானையிலும் இல்லாத இரும்பை எந்தப் பக்டீரியாவாலும் படைக்க முடியாது. இருக்கிற இரும்பு உடலில் சேர வழி திறக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம். தயிரும் புளித்த உணவுதான். 1908இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மெச்னிகோவ், தயிர் ஆயுளை நீட்டும் என்று உறுதியாக நம்பினார். அவர் இறந்தபோது வயது 71. ஆயுள் கணக்கு எப்படியோ, பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்கு நம் எருமைத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம் தெளிவானது. பாலின் சர்க்கரையில் ஒரு பங்கைத் தயிர்ப் பக்டீரியா முன்கூட்டியே உடைத்துவிடுகிறது. மிச்சத்தை வயிற்றுக்குள் போன பிறகும் உடைக்க உதவுகிறது.

பழஞ்சோற்றுக்குக் கொதித்தாறிய நீரையே விடுங்கள். சோறு ஆறியதும் தாமதிக்காமல் நீரில் மூழ்க வையுங்கள். நீர் விடாமல் இரவெல்லாம் வெக்கையில் கிடந்த சோற்றை மறுநாள் சுட வைத்துக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரக்கூடும்.

அந்தத் தங்கச்சியிடம் அன்றைக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பழஞ்சோற்றோடு ஒரு பிடி கீரை, சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி. தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் கழியட்டும். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூத்தவன் முன்பள்ளிக்குப் போகிறான் மிஸ், அவனுக்கும் இதைக் கொடுக்கலாமா?" என்றாள்.

கொடு, வெங்காயத்தை மட்டும் பொடியாக நறுக்கு என்றேன்.