பக்கத்து வீட்டுக்காரருக்காக எழுதியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கவிதையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். எந்தக் கவிதை என்று கேட்டேன், உங்கள் விருப்பம் என்றார்கள். விருப்பம் என்று விட்டால் நான் நெப்ராஸ்காவுக்குத்தான் போவேன்.

நெப்ராஸ்கா அமெரிக்காவின் நடு வயிற்றில் இருக்கும் மாநிலம். கடல் கிடையாது. பெரிய மலை கிடையாது. கிழக்கே மக்காச்சோள வயல்கள், மேற்கே போகப் போக மழை குறைந்து வெறும் புல்வெளி, மாட்டுப் பண்ணைகள். சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் சுமார் 20 லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒமாஹா, லிங்கன் என்ற இரண்டு நகரங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். மாநிலத்தில் மொத்தம் 93 கவுண்டிகள், நாம் மாவட்டம் என்று சொல்வதைப் போல. சில கவுண்டிகளில் 500 பேர்கூட இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் கவிதை எப்படிப் பிழைக்கும்? புத்தகக் கடை தூரம். கூட்டம் போட்டால் வருவதற்கு ஆள் வேண்டும். ஆனால் பிழைத்திருக்கிறது, நன்றாகவே பிழைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கவிதை படிக்காதவர்கள் இருக்கும் இடத்துக்குக் கவிஞர்கள் போனார்கள். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் ஜான் நைஹார்ட். 1881-இல் பிறந்தவர். பான்கிராஃப்ட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்க மேற்குப் பகுதியின் கதையை நீண்ட காவியமாக எழுதத் தொடங்கினார். அதை முடிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1921-இல் நெப்ராஸ்கா சட்டமன்றம் தீர்மானம் போட்டு அவரை மாநிலத்தின் அரசவைக் கவிஞர் ஆக்கியது. விவசாயிகள் நிறைந்த ஒரு சட்டமன்றம் உட்கார்ந்து, நமக்கு ஒரு கவிஞர் வேண்டும் என்று முடிவு செய்ததை நினைத்துப் பாருங்கள்.

காவியத்தைவிட இன்று அவரை உலகம் நினைப்பது வேறொரு புத்தகத்துக்காக. 1931-இல் அவர் தன் இரண்டு மகள்களோடு பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவுக்குப் போய், பிளாக் எல்க் என்ற லக்கோட்டா பூர்வகுடிப் பெரியவரிடம் உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையைக் கேட்டார். பெரியவர் லக்கோட்டா மொழியில் சொல்லச் சொல்ல, அவருடைய மகன் ஆங்கிலத்தில் சொன்னார். நைஹார்ட்டின் மகள் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. அப்போது பெரிதாக விற்கவில்லை. இந்தப் புத்தகத்தில் எவ்வளவு பெரியவரின் குரல், எவ்வளவு நைஹார்ட்டின் கை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்த விவாதம் தேவையானது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் நான் சொன்ன அந்தப் புல்வெளி முழுவதும் ஒமாஹா, பானீ, போன்கா, லக்கோட்டா மக்களின் நிலம். அது அவர்களிடமிருந்து எப்படிப் போனது என்பதை மறந்துவிட்டு அந்த மாநிலத்தின் இலக்கியத்தைப் பேச முடியாது.

நைஹார்ட் கவிதையை நெட்டுருப் போட்டுச் சொல்பவர். 1971-இல், தொண்ணூறு வயதில், டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். கேவெட்டும் நெப்ராஸ்காக்காரர்தான். அந்தக் கிழவர் பேசியதையும் கவிதை சொன்னதையும் நாடே கேட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் புத்தகத்தை ஆட்கள் தேடித் தேடி வாங்கினார்கள்.

சரி, அடுத்தவருக்கு வருகிறேன். வில்லியம் க்ளோஃப்கார்ன். பக்கத்து மாநிலமான கான்சாஸில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர், லிங்கன் நகரத்தில் கல்லூரிப் பேராசிரியர். 1982-இல் மாநிலக் கவிஞர் ஆனார். 2011-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இவருக்குக் கிடைத்த பட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1978-இல் கிடைத்தது. நெப்ராஸ்கா மாநிலப் பன்றி அழைக்கும் போட்டியில் முதல் பரிசு!

நிஜமாகத்தான் சொல்கிறேன். பண்ணையில் பன்றிகள் எங்கோ தூரத்தில் மேயும். தீனி வைத்துவிட்டுக் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும். வயிற்றிலிருந்து எழும்பி வரவேண்டும் அந்தக் குரல். நம் ஊரில் மாட்டையோ கோழியையோ கூப்பிட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சத்தம் இருக்குமே, அதுபோல. அங்கே அதற்குத் திருவிழாவில் போட்டி வைப்பார்கள். அந்தப் போட்டியில் பண்ணைக்காரர்களோடு நின்று, கவிதை கற்பிக்கும் பேராசிரியர் ஜெயித்தார்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்த மனிதர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் குழந்தைகளிடம் கவிதை சொன்னவர். அவருடைய முதல் முக்கியமான தொகுப்பு ஒரு விவசாயியின் குரலில் பேசுவது. நிலத்தில் இருந்து கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி மாளாத ஒரு விவசாயி. தன் தாத்தாவை மனதில் வைத்து எழுதினார். அதைக் கேட்கிற விவசாயிக்கு இவர் நம்மவர் என்று தோன்ற வேண்டும், இல்லையா? குரலைக் கேட்டதும் தோன்றியிருக்கும். லிங்கனில் இன்று அவர் பெயரில் ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது.

அவர் வேலை பார்த்த அதே கல்லூரியில், மரங்களையும் புல்தரையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார். ட்வைலா ஹேன்சன். பண்ணையில் வளர்ந்தவர், தோட்டக்கலை படித்தவர். 1980-களில் அவர் க்ளோஃப்கார்னின் கவிதை வகுப்பில் போய் உட்கார்ந்தார். எழுத ஆரம்பித்தார். பேராசிரியர் இறந்தபிறகு, 2013-இல், அடுத்த மாநிலக் கவிஞராக வந்தது யார் தெரியுமா? அந்தத் தோட்ட மேற்பார்வையாளர்தான்.

அப்புறம் டெட் கூசர். இவரைப் பற்றித்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டே கவிதை எழுதியவன். அந்த உறவு எனக்கு அவரோடு.

கூசர் 1939-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். 1963-இல் மேல்படிப்புக்காக நெப்ராஸ்கா வந்தார். கவிதையைத் தவிர எதையும் படிக்காததால் உதவித்தொகை நின்றுபோனது. பிழைப்புக்கு ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். காப்பீட்டுத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள். துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தார். இவ்வளவு காலமும் தினம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஏழு மணிவரை எழுதிவிட்டு, டை கட்டிக்கொண்டு அலுவலகம் போவார்.

அலுவலகத்தில் என்ன செய்வார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. காலையில் எழுதியதைத் தன் செயலாளரிடம் காட்டுவார். கடிதம் தட்டச்சு செய்கிற அந்தப் பெண் இலக்கியம் படித்தவர் அல்ல. அவரிடம், இது உனக்குப் புரிகிறதா என்று கேட்பார். புரியவில்லை என்று அவர் சொன்னால் கூசர் வாதம் செய்ய மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துவார்.

இதில் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள். நாம் ஒரு கவிதை எழுதினால் யாரிடம் காட்டுகிறோம்? இன்னொரு கவிஞரிடம். அவர் இன்னொரு கவிஞரிடம். கடைசியில் கவிஞர்களின் கவிதையைக் கவிஞர்களே படித்துக்கொண்டிருக்கிறோம், வாசகர் இல்லையே என்று கூட்டத்தில் வருத்தப்படுகிறோம். கூசர் பக்கத்து மேசைக்குப் போனார். எளிமை என்றால் ஆழம் குறைவு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூசரின் ஒரு கவிதையில், ஒரு மனிதர் கைவிட்டுப்போன பண்ணை வீட்டைப் பார்க்கிறார். உடைந்த பாத்திரக் குவியலில் கிடக்கும் செருப்பின் அளவு, கட்டிலின் நீளம், அலமாரி விரிப்பு, இவற்றை மட்டும் சொல்லி அங்கே வாழ்ந்த குடும்பம் எப்படி உடைந்தது என்று நமக்குத் தெரியவைக்கிறார். ஒரு கடினமான சொல் கிடையாது. படித்து முடித்தால் நெஞ்சு கனக்கிறது. அந்தக் கவிதையை விவசாயியும் படிக்கலாம், பேராசிரியரும் படிக்கலாம்.

1998-இல் அவருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு வெயிலில் போகக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். அதனால் விடிவதற்கு முன்பே நடக்கப் போவார். நடந்துவிட்டு வந்து ஒரு சின்னக் கவிதை எழுதுவார். அதை அஞ்சலட்டையில் ஒட்டித் தன் எழுத்தாள நண்பர் ஜிம் ஹாரிசனுக்கு அனுப்புவார். அப்படிச் சேர்ந்த நூறு அட்டைகள் பிறகு புத்தகம் ஆயின. அஞ்சலட்டை அவருக்குப் புதிது அல்ல. 1986 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் காதலர் தினத்துக்கு ஒரு கவிதையை அச்சடித்துத் தெரிந்த பெண்களுக்கு அனுப்பிவந்தார். தொடங்கியபோது சுமார் ஐம்பது பேர். கவிதை வாசிக்கப் போன இடங்களில் எல்லாம் முகவரி எழுதிக் கொடுத்தார்கள். 2007-இல் நிறுத்தும்போது பட்டியலில் 2,500 பேருக்கு மேல். தபால் செலவு தாங்கவில்லை.

2004-இல் அமெரிக்க நாட்டுக்கே அரசவைக் கவிஞர் ஆனார். நெப்ராஸ்கா அடங்கிய பெருஞ்சமவெளிப் பகுதியில் இருந்து அந்தப் பதவிக்குப் போன முதல் ஆள். செய்தி வந்தபோது பேச்சே எழவில்லையாம். மறுநாள் வீட்டில் இருந்து காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் வந்தது. அவர் குடியிருந்த கார்லண்ட் கிராமத்தில் சுமார் 200 பேர்தான் இருப்பார்கள்.

பதவி கிடைத்ததும் அவர் செய்ததைக் கேளுங்கள். 2005-இல் ஒரு வாராந்தரப் பத்தி ஆரம்பித்தார். வாரம் ஒரு கவிதை, இன்று வாழ்கிற அமெரிக்கக் கவிஞருடையது, சின்னதாக இருக்கும். மேலே கூசர் இரண்டு மூன்று வரி எழுதுவார். எந்தப் பத்திரிகையும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். சிற்றூர்ப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. சந்தை விலைக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவில் ஒரு கவிதை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இதை நடத்தினார். மறுபடியும் அதே விஷயம்தான், பார்த்தீர்களா? கவிதை படிக்காதவர் இருக்கும் இடத்துக்குப் போவது.

ஒரு புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1888 ஜனவரி 12. காலையில் இதமான வானிலை. குழந்தைகள் மெல்லிய உடுப்போடு பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். திடீரென்று பனிப்புயல். கை நீட்டினால் கை தெரியாது. வீடு திரும்பும் வழியில் பலர் இறந்தார்கள், நிறையக் குழந்தைகள். பிழைத்தவர்கள் வயதான காலத்தில் ஒரு சங்கம் வைத்துத் தங்கள் நினைவுகளை எழுதிச் சேர்த்தார்கள். 1947-இல் அது புத்தகமாக வந்தது. அவர்கள் யாரும் எழுத்தாளர்கள் அல்ல. இப்படிப்பட்ட நினைவுகளைக் கூசர் பிறகு எடுத்து, ஒரு பெண் பேசுகிறாள், ஒரு ஆண் பேசுகிறார் என்று சின்னச் சின்னக் குரல்களாக ஆக்கினார். அதை மேடையில் நடித்தார்கள். பின்னால் இசை வடிவமும் வந்தது. ஓர் ஊரின் துக்கம் அந்த ஊரின் இலக்கியம் ஆன விதம் இது.

கடிகாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வில்லா கேதரைப் பற்றி நிறையப் பேசுவதாக இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1883-இல், ஒன்பது வயதில், வெர்ஜீனியாவில் இருந்து ரெட் கிளவுட் பக்கம் வந்தவர். செக், ஸ்வீடன், ஜெர்மன் குடியேறிகள் நடுவில் வளர்ந்து, அவர்களையே நாவல்களில் எழுதினார். இன்று அந்த ஊரில் சுமார் 1,000 பேர். 1955-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டையும் ஊரின் பழைய நாடக அரங்கையும் காப்பாற்றினார்கள். ஊருக்கு வெளியே 600 ஏக்கருக்கு மேல் உழாத புல்வெளியையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் இலக்கிய இதழ் ஒன்று உண்டு, ப்ரெய்ரி ஸ்கூனர். அதன் முதல் இதழ் 1927 ஜனவரியில் வந்தது. இன்னும் வருகிறது. 2011-இல் அதற்கு ஆசிரியராக வந்தவர் க்வாமே டாஸ். கானாவில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்தவர். நெப்ராஸ்காவில் இருந்துகொண்டு ஆப்பிரிக்கக் கவிஞர்களின் முதல் தொகுப்புகளை வெளியிட ஒரு திட்டம் ஆரம்பித்தார். மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் இருந்து இளம் ஆப்பிரிக்கக் கவிஞர்களின் புத்தகங்கள் வெளியே வருகின்றன. கூசர் விட்ட இடத்தில் அந்த வாராந்தரப் பத்தியை 2021 முதல் எடுத்து நடத்தியவரும் இவர்தான்.

அந்தப் பத்தியில் வந்த கவிதைகளை இணையத்தில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். எளிய ஆங்கிலம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும். ஒமாஹாவில் பள்ளி மாணவர்கள் பங்கேற்கும் கவிதைப் போட்டிகளைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது, அது ஒரு தனி உரைக்கு இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கும் நன்றி, வணக்கம்.